பெங்களூரில் வளரப்போற பொண்ணுக்கு யாழினின்னு பேர் வைக்கலாமா?

2 ஜூன் 2024, காலை

பொண்ணு பிறந்து 9 நாள். கேட்டை நட்சத்திரம். நோ, ய, யி, யு, இதுல ஏதாவது ஒண்ணுல பேர் ஆரம்பிக்கணுமாம். மாமனார் கும்பகோணத்துக்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முடிவு பண்ணிட்டார்: யாழினி. மனைவிக்கும் அதுதான் பிடிச்சிருக்கு.

எனக்கும் பேர் பிடிக்காமல் இல்லை. ஆனா நாங்க குடியிருக்கிறது பெங்களூர். மாடி வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம், ஆபீஸில் பாதிப்பேர் வடக்கு. ழ வர்ற பேரை வெளியூரில் வளரப்போற குழந்தைக்கு வைக்கிறது அந்தக் குழந்தைக்குப் பண்ற கொடுமைன்னு நான் சொல்றேன். ஆயுசு பூரா திருத்திக்கிட்டே இருக்கணும். தமிழுக்கு மட்டுமே உள்ள ஒலி, மத்தவங்க நாக்கில் எப்படி வரும்?

30-ஆம் நாள் தொட்டில் போடறோம். அதுக்குள்ள மாற்றுப் பேர் இருந்தா சொல்லுங்க. மாமனார்கிட்ட பேசற தைரியம் அதுக்கப்புறம்.

2 ஜூன், இரவு

சரி சரி, ஆளாளுக்கு அடிக்க வேண்டாம். "தமிழுக்கு மட்டுமே" தப்புதான். மலையாளத்தில் ழ உயிரோட இருக்கு. கோழிக்கோடு, ஆலப்புழை எல்லாம் என் கண்ணு முன்னாடிதான் இருந்தது, யோசிக்கலை. பழைய கன்னடத்திலும் ழவுக்குன்னு தனி எழுத்தே இருந்திருக்கு, பிறகு ள ஆயிடுச்சு. நமக்குக் கோழி, கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. மாடி வீட்டுக்காரம்மா ஞாயித்துக்கிழமை கோடி வாங்கணும்னு சொன்னப்போ முதல் மாசம் நான் பயந்தே போனேன்.

ஆனா இதெல்லாம் என் கட்சிக்குத்தான் பலம். அக்கம்பக்கத்தில் ரெண்டு பாஷை ழவைக் கைவிட்டாச்சு. அங்க போய் நாம ழவைக் கொண்டு குடித்தனம் வைக்கணுமா?

3 ஜூன்

"யாமினின்னு வச்சுட்டுப் போங்க, எல்லாருக்கும் வாயில் வரும்"னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. மாமனார்கிட்ட சொன்னேன். "அதுக்கு ராத்திரின்னு அர்த்தம் மாப்ளே. வடமொழி"ன்னார். வேதாசலம்ங்கிற தன் பேரையே மறைமலைன்னு மாத்திக்கிட்ட அடிகளை வருஷா வருஷம் வகுப்பில் நடத்தினவர்கிட்ட யாமினியைக் கொண்டு போனது என் தப்பு.

பேச்சு அதோட முடிஞ்சது. காபி வந்தது.

5 ஜூன்

நட்சத்திர எழுத்தை ஓரமா வச்சுட்டு, நீங்க கொடுத்த "பாதுகாப்பான" பேரையெல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதி ஆபீஸில் படிக்கக் கொடுத்தேன். பலன் இது.

நிலா: நீலான்னு படிச்சாங்க. சந்திரன் நிறம் மாறிடுச்சு. கேரளத்துக்காரர் மட்டும் சரியாச் சொல்லிட்டு, "எங்க பாரதப்புழைக்கு அந்தப் பேர் உண்டே"ன்னார். பரவாயில்லை, நல்ல விஷயம்தான்.

கயல்: அதே கேரளத்துக்காரர் காயல்னு படிச்சார். மீனாப் பிறந்தவ உப்பங்கழி ஆயிட்டா. மத்தவங்க கேயல்.

தாரா: எல்லாரும் சரியாச் சொன்னாங்க. சந்தோஷமா வீட்டுக்கு வந்து சொன்னா, மனைவி, "தாரான்னா வாத்து தெரியுமா?"ன்னா. தெரியாது. அகராதியில் இருக்கு. இலங்கைத் தமிழர் வீட்டில் இந்தப் பேரை வச்சா சிரிப்பாங்களாம்.

சாரல்: இதுல எனக்கு ரொம்ப ஆசை. குற்றாலம், ஜூன் மாசம், எல்லாம் கண்ணுக்கு வந்தது. ஹிந்திக்காரர் சரல்னு படிச்சார். எளிதுன்னு அர்த்தம். நம்ம வருமான வரிக்கு ஒரு காலத்தில் அந்தப் பேரில் படிவமே இருந்தது.

அப்படின்னா எழுத்து மாறினா எல்லாப் பேரும் இப்படித்தான் ஆகும்போல. தமிழில் ஒரு ப, ஒரு க, ஒரு ச வச்சுக்கிட்டு நாம மத்தவங்களுக்குப் பண்றதும் இதேதானே. என் நண்பன் கோபாலை எங்க தெருவில் கோப்பால்னுதான் கூப்பிடுவாங்க, அவனும் திரும்பிப் பார்ப்பான்.

(இந்த நினைப்பு என் கட்சிக்கு ஆபத்து. இங்கேயே விடறேன்.)

9 ஜூன், மதியம்

சோதனை எண் 2. இந்தத் தடவை யாழினியை மட்டும் எடுத்துக்கிட்டேன். முதல்ல எழுதிக் காட்டினேன், ழவுக்கு நாம வழக்கமாப் போடற 'இஸட் எச்' போட்டு. யாஸினி, யாஜினி, யாஷினி, ஒருத்தர் யாசின்னு படிச்சு "முஸ்லிமா நீங்க?"ன்னு கேட்டார்.

அப்புறம் எழுத்தைக் காட்டாம காதில் மட்டும் சொல்லி, திருப்பிச் சொல்ல வச்சு போனில் பதிவு பண்ணினேன். பக்கத்து மேஜைக்காரங்க மூணு பேருக்கு நானே சொன்னேன். தூரத்தில் இருக்கிறவங்களுக்கு மனைவி பேசி அனுப்பின குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். கேரளத்துக்காரர் அச்சு அசலாச் சொன்னார், அது அவங்க சொத்து. கன்னடக்காரர் யாளினி. தெலுங்குக்காரர் யாளினி. ஒடிசாக்காரர் யாளினி. பஞ்சாபி யாரினி. அமெரிக்காவிலிருந்து தினமும் சாயங்காலம் பேசற எங்க வாடிக்கையாளர் ஒருத்தரும் யாரினி.

ஆக ஆறு பேரில் ஒருத்தர்தான் தேறினார். என் கட்சி ஜெயிச்சாச்சு.

9 ஜூன், இரவு

"இஸட் எச் போட்டா ரஷ்யாக்காரன் மாதிரிதான் படிப்பான், வேற என்ன செய்வான்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். உண்மை. ஹிந்திச் செய்தியில் கனிமொழியைக் கனிமோஜின்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. ழவைக் காட்ட தேவநாகரியில் புள்ளி வச்ச ள ஒண்ணு இருக்கு. ஆனா செய்தித்தாள்காரர் யாரும் அதைத் தேடிப் போட மாட்டார், கிடைச்ச ஜவைப் போட்டுட்டுப் போவார்.

வெள்ளைக்காரன் காலத்தில் ழவுக்கு எல்தான். பழனி, சோழவரம் எல்லாம் அப்படித்தான் எழுதினாங்க. சோழிங்கநல்லூரை இன்னைக்கும் அப்படித்தான் எழுதறோம், பலகையைப் பார்த்துப் படிச்சா ஷோலிங்கநல்லூர். 2020 ஜூனில் அரசாங்கம் 1018 ஊர்ப் பேரின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்தபடி மாத்தி ஆணை போட்டது ஞாபகம் இருக்கா? கோயம்புத்தூரின் புது எழுத்துக் கோர்வையைப் பார்த்து ஊரே சிரிச்சது, சில நாளில் திரும்ப வாங்கிட்டாங்க. ஒரு அரசாங்கத்தாலேயே ஆகலை, ஒரு அப்பனால் ஆகுமா?

அதனால எல் போட்டு எழுதிடலாம்னு மாமனார்கிட்ட போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ள ஆக்கினா அவ யாழினி இல்லை மாப்ளே, யாளினி. பெண் யாளி. உங்க மதுரைப் புதுமண்டபத் தூண்ல நிக்குதே, அது."

13 ஜூன்

அந்தப் பதிவுகளை மாமனாருக்கு அனுப்பியிருந்தேன், என் கட்சிக்கு ஆதாரமா. நேத்து ராத்திரி கூப்பிட்டார். வாத்தியார் இல்லையா, மார்க் போட்டு வச்சிருக்கார்.

முதலிடம் கேரளம். அதுல அதிசயமில்லை. ரெண்டாமிடம் அமெரிக்கர். நான், "அவர் யாரினின்னு ரகரமில்ல சொல்றார்"னேன். அதுக்காகவே காத்திட்டிருந்த மாதிரி தொல்காப்பியத்தை எடுத்துட்டார். "நுனிநா அணரி அண்ணம் வருட, ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்." நாக்கு நுனி மேல எழும்பி அண்ணத்தை வருடினா பிறக்கிறது ர, ழ ரெண்டும். ஒரே நூற்பா. லகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து அடுத்த நூற்பாவில் வச்சிருக்கார். நாக்கு ஒட்டாம வருடிட்டு வரணும், அமெரிக்கர் பேசற ரகரம் கிட்டத்தட்ட அப்படித்தான் பிறக்குதுங்கிறார். ள சொல்ல நாக்கு ஒட்டணும். ழவைக் குண்டு லகரம்னு நினைக்கிறதுதான் நாம பண்ற தப்பாம். சோழமண்டலத்தைக் கோரமண்டல்னு எழுதினவங்க காதில் விழுந்ததும் ரகரம்தானேன்னார். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹவுரா போன எத்தனையோ தடவையில் ஒரு தடவைகூட எனக்கு இது தோணலை.

இது வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்புறம் கேட்டார்: "முதல்ல ஒருத்தர் பேரைச் சொல்லிக் கொடுக்கிறாரே, அவருக்குத்தான் சரியா வரலை. எந்த ஊர்க்காரர்?"

"மதுரை மாமா."

"அப்படியா"ன்னார். வேற ஒண்ணும் சொல்லலை. என் குரல் அவருக்குத் தெரியாம இருக்குமாங்கிறதை நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

13 ஜூன், கொஞ்ச நேரம் கழிச்சு

9-ஆம் தேதி மதியம் எழுதினதை வாபஸ் வாங்கறேன். கன்னடக்காரர், தெலுங்குக்காரர், ஒடிசாக்காரர், மூணு பேருக்கும் சொல்லிக் கொடுத்தது நான். நான் சொன்ன யாளினியைத்தான் அவங்க பிசகாம திருப்பிச் சொல்லியிருக்காங்க. நூத்துக்கு நூறு. மனைவி குரலைக் கேட்டவங்க யாரும் ள சொல்லவே இல்லை.

தூங்கப் போறேன்.

14 ஜூன்

மனைவி குரலைப் போட்டு அந்த மூணு பேருக்கு மறுபரீட்சை. தெலுங்குக்காரர் ரெண்டாம் தடவையில் பிடிச்சுட்டார். ஒடிசாக்காரர் யாரினி. கன்னடக்காரர் மட்டும் யாளினியிலேயே நிக்கிறார், "நீங்க அன்னிக்குச் சொன்னதும் இதுதானே, எத்தனை தடவை மாத்துவீங்க"ன்னு என்னையே திட்டறார்.

16 ஜூன்

இப்போ உண்மையை எழுதிடறேன். எனக்கு ழ வரும். நிதானமா, யோசிச்சு, மேடையில் பேசற மாதிரி சொன்னா வரும். அவசரத்தில் வராது. எங்க தெருவில் யாருக்கும் வராது. வாளப்பளம், மள, கெளவி, அளகர் கோயில். பள்ளிக்கூடத்தில் "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி" விழுந்தப்போ அவனோட சேர்ந்து நானும் விழுந்து பெஞ்சு மேல நின்னிருக்கேன். சென்னையில் வேலை பார்த்த நாலு வருஷத்தில் கொயந்தை, வாயப்பயம், இஸ்துக்கினு எல்லாம் கேட்டப்போ ஒரு ஆறுதல், நாம மட்டும் இல்லைன்னு. கல்யாணப் பேச்சில் "உங்க பொண்ணுக்குத் தமிழ் நல்லா வருமே"ன்னு நான் சொன்னப்போ அது தமிள்னு விழுந்ததா மனைவி இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா.

ஆக, பெங்களூர், பஞ்சாபி, அமெரிக்கான்னு நான் ரெண்டு வாரமா இங்கே எழுதினதில் பாதி சாக்கு. பேரைத் தினமும் தப்பாக் கூப்பிடப் போறது நானும் எங்க அம்மாவும். மாமனார் வீட்டுக் கூடத்தில், அவர் எதிரில்.

அம்மாகிட்ட நேத்து சொன்னேன். அவங்களுக்கு இது ஒரு பிரச்சினைன்னே புரியலை. "ஏண்டா, இப்பத்தான் சித்திரையில போயிப் பாத்துட்டு வந்தோம். அம்புட்டு சனமும் அளகரு அளகருன்னுதான் கத்துது. அவரே ஒண்ணுஞ் சொன்னதில்ல. ஒம் மக கோவிச்சுக்கிருவாளாக்கும்?"

17 ஜூன்

"அழகர் கோவிச்சுக்கிட்டு வைகையோட திரும்பிப் போறாரே, அது அளகருன்னு கூப்பிட்டதுக்குத்தானோ?"ன்னு எழுதின நண்பருக்கு: தங்கச்சி கல்யாணம் தனக்காகக் காத்திருக்கலைன்னுதான் கோவம்னு எங்க ஊர்க் கதை. உங்க பாடம் நல்லாருக்கு, அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் எழுதியிருக்கார், அவங்க ஊரிலும் பேச்சில் ழ எல்லாம் ளதானாம், ஊர்ப் பேரே வாயில் யாப்பாணம்னுதான் வருமாம். ஊர்ப் பேரிலேயே யாழை வச்சிருக்கிறவங்க ழவை விழுங்கிட்டு நிம்மதியா இருக்காங்க. இதை மாமனாருக்கு அனுப்பலாமான்னு யோசிச்சேன். வேண்டாம்.

22 ஜூன், இரவு

தொட்டில் போட்டாச்சு. யாழினிதான்.

காதில் மூணு தடவை அப்பா சொல்லணும்னாங்க. ஒரு வாரமா பாத்ரூமில் கதவைச் சாத்திக்கிட்டுப் பழகியிருந்தேன். நாக்கை மடிச்சு, ஒட்டாம, தொல்காப்பியர் சொன்ன மாதிரி. முதல் தடவை நல்லா வந்தது. ரெண்டாவதும். மூணாவதுக்குள்ள போட்டோக்காரர், "சார் இந்தப் பக்கம் பாருங்க"ன்னார். திரும்பினேன். வழுக்கிடுச்சு.

மாமனாருக்குக் கேட்டிருக்காது. நாதஸ்வரம் ஓடிக்கிட்டிருந்தது. பொண்ணுக்குக் கேட்டிருக்கும்.

11 ஆகஸ்ட் 2024

பிறப்புச் சான்றிதழ் பத்திக் கேட்டவருக்கு. பிறப்பை 21 நாளைக்குள் பதிஞ்சுடணும், பேர் இல்லாமலும் பதியலாம், நாங்க அப்படித்தான் பண்ணினோம். பேரை 12 மாசத்துக்குள் சேர்த்தா கட்டணம் இல்லை. அதுக்கப்புறம் தாமதக் கட்டணத்தோட 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம். ஆனா தள்ளிப் போடாதீங்க. 1 அக்டோபர் 2023-லிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம், பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் இதுதான். ஒரு எழுத்து தப்பினா பின்னாடி அலையணும். பேரைத் துண்டுச்சீட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிசா எழுதிக் கொண்டு போங்க, வாயால் சொல்லாதீங்க. நான் வாயால் சொன்னேன். கணினித் திரையில் யாளி தலை நீட்டிச்சு. மனைவி கூட வந்திருந்ததால் தப்பிச்சோம்.

ஆங்கிலத்தில் கடைசியா இஸட் எச்தான் போட்டோம். எல், ஆர் எல்லாம் யோசிச்சோம். ஆர் போடலாம், கேட்கிறதுக்கு அதுதான் கிட்ட வருதுன்னு நான் சொன்னேன். மாமனாரே சிரிச்சுட்டார். "காதுக்கு அது சரி மாப்ளே, கண்ணுக்கு?" தமிழ்க்காரங்க அந்த இஸட் எச்சைப் பார்த்த உடனே ழன்னு தெரிஞ்சுக்குவாங்க, மத்தவங்க எப்படிப் போட்டாலும் ஒரு தடவை கேட்டுத்தான் ஆகணும். முதல் 'ஏ'வை மட்டும் ரெண்டு தடவை போட்டுக்கிட்டோம், யழினின்னு குறுகாம இருக்க. 1018 ஊர் ஆணையைக் கிண்டல் பண்ணினவன் நான்தான், தெரியும்.

19 ஜனவரி 2025

"இப்போ எல்லாரும் எப்படித்தான் கூப்பிடறாங்க?"

எதிர் வீட்டு அஜ்ஜி: யாளினி. மாடி வீட்டம்மா: யாலூ. எங்க அம்மா: யாளி, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு உட்கார்ந்துட்டா "யாளி முளிச்சிருச்சுடா". தடுப்பூசி போடற இடத்தில் மாசத்துக்கு ஒரு பேர். போன மாசம் "யாஜினி, யாஜினி"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க, நானும் யாருடா இந்தப் பிள்ளையோட அப்பன், எழுந்திருக்க மாட்டேங்கிறான்னு சுத்திமுத்திப் பார்த்துக்கிட்டு இருந்தேன். மனைவி இடிச்சா. கவுன்டரில் போய், "யாஜினி இல்லீங்க, யாழினி"ன்னேன், ரொம்ப அழகா, மூணு நொடி எடுத்துக்கிட்டு. அந்தப் பொண்ணு, "யாளினியா சார்?"ன்னு கேட்டா.

"ஆமாம்மா"ன்னுட்டேன்.

8 பிப்ரவரி 2026

ரொம்ப நாள் கழிச்சு யாரோ இதைத் தூசி தட்டியிருக்கீங்க. பொண்ணுக்கு இப்போ 20 மாசம். பழம் பயம், மழை மயை. உன் பேர் என்னன்னா நெஞ்சில் கையை வச்சு "யாயினி"ங்கிறா. பரம்பரைச் சென்னைவாசி மாதிரி. மாமனார் கவலைப்படலை, ழ குழந்தைக்குக் கடைசியாத்தான் வரும்ங்கிறார். அம்மா கூட இருந்தா முதல்ல ள வரும்னு நான் பந்தயம் கட்டியிருக்கேன், 500 ரூபாய்.

எனக்கு எப்படியிருக்குன்னு கேட்டவருக்கு: கூப்பிடும்போது பத்துக்கு ஆறு சரியா வருது. கோவத்தில் கூப்பிட்டா பத்துக்குப் பத்தும் யாளினி.

பையனுக்கு இளவழகன்னு வைக்கலாமான்னு கேட்டவருக்கு: ளவும் ழவும் ஒரே பேரில், நடுவில் ஒரு எழுத்துத்தான் இடைவெளியா? வைங்க. ஆனா ஆபீஸ்காரங்களை விடுங்க, முதல்ல வீட்டில் உங்க அம்மாவைச் சொல்லச் சொல்லி ஒரு பதிவு எடுங்க. நீங்களும் சொல்லிப் பதிவு பண்ணுங்க. உங்க மாமனார் வாத்தியாரா இருந்தா மட்டும் அனுப்பிடாதீங்க.